ரெவிட்ல ஃப்ளோர் பிளான்ல சீலிங் காட்டுறது எப்படி? புதுசா கத்துக்கறவங்களுக்காக

கட்டடத்த 3டி மாடலா வரையற ரெவிட் சாஃப்ட்வேர கத்துக்க ஆரம்பிச்ச யாரா இருந்தாலும் இந்த ஒரு இடத்துல கை நிக்காம போகாது. ஃப்ளோர் பிளான் திறந்து வச்சிருப்பீங்க, ஆர்கிடெக்சர் டேப்ல சீலிங் கமாண்ட் எடுத்து ஹால் நடுவுல ஒரு கிளிக் பண்ணுவீங்க, திரையில ஒண்ணுமே வராது. ஓரத்துல ஒரு வார்னிங் மட்டும் வரும், நீங்க உருவாக்குனது எதுவும் இந்த வியூல தெரியலன்னு. அத யாரும் முழுசா படிக்க மாட்டோம், மூடிட்டு மறுபடி கிளிக் பண்ணுவோம், மறுபடியும் அதே வார்னிங், சரி சாஃப்ட்வேர்தான் மக்கர் பண்ணுதுன்னு இன்னொரு தடவ.

தயவு செஞ்சு அங்கயே நிறுத்திடுங்க. ஏன்னா முதல் கிளிக்லயே சீலிங் வந்தாச்சு, கண்ணுக்குத்தான் தெரியல. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு வீட்டோட மாடல்ல இப்படி ஒரே ரூம்ல மூணு சீலிங் ஒண்ணு மேல ஒண்ணா போட்டு வச்சுட்டேன், அது அப்படியே ஷெட்யூலுக்கு, அதாவது அளவுப் பட்டியலுக்குப் போயி ஜிப்சம் போர்டு சதுர அடி மூணு மடங்கா நின்னுச்சு, ஃபால்ஸ் சீலிங் போடுறவர் போன் பண்ணி "தம்பி, ஹால் இவ்ளோ பெருசு இல்லையே"ன்னு கேட்ட பிறகுதான் போய் பார்த்தேன். அதனால வார்னிங் வந்தா உடனே ஒரு 3டி வியூ திறந்து, செக்ஷன் பாக்ஸ் (மாடல வெட்டி உள்ள காட்டற பெட்டி) போட்டு சுத்திப் பாருங்க, சீலிங் அங்கதான் இருக்கும்.

ஏன் தெரியலன்னு முதல்ல புரிஞ்சுக்கணும், இது புரிஞ்சா மீதி எல்லாம் சுலபம்.

ஃப்ளோர் பிளான்ங்கறது வீட்ட ஒரு உயரத்துல கத்தி வச்சு வெட்டி, மேல் பாதிய தூக்கி வச்சுட்டு, கீழ்நோக்கிப் பார்க்கறது. அந்த வெட்டுற உயரத்துக்குத்தான் ரெவிட்ல கட் பிளேன்னு பேரு, மில்லிமீட்டர் டெம்ப்ளேட்ல அது தரையிலேர்ந்து 1200ல இருக்கும், அடி கணக்குன்னா 4 அடி. சீலிங் எங்க இருக்கு? 9 அடியிலயோ ஒன்பதரை அடியிலயோ இருக்கு. தூக்கி வச்ச பாதியோட அதுவும் போயிடுச்சு. பிளான் வியூ கீழ பார்க்குது, சீலிங் தலைக்கு மேல இருக்கு, அவ்வளவுதான் விஷயம்.

ஆனா நம்ம ஊர்ல கையில வரைஞ்ச காலத்துலேர்ந்தே தலைக்கு மேல இருக்கறத பிளான்ல காட்டிட்டுத்தான் இருக்கோம். பெட்ரூம்ல லின்டல் மட்டத்துல 7 அடியில கான்கிரீட் லாஃப்ட் போடுறோம்ல, அத பிளான்ல எப்படி காட்டுவோம்? புள்ளிக்கோடு போட்டு பக்கத்துல லாஃப்ட்னு எழுதுவோம். கார் ஷெட் மேல வர்ற பால்கனி, சன்ஷேட், பீம் எல்லாமே அதே கணக்குதான். சீலிங்கையும் அப்படியே நினைச்சுக்கங்க: முழுக்கோடு போட்டா கீழ இருக்கற பொருள்னு அர்த்தம், விட்டு விட்டு போட்டா தலைக்கு மேலன்னு அர்த்தம். நாம இப்ப ரெவிட்கிட்ட கேக்கப்போறது அந்தப் புள்ளிக்கோட்டைத்தான்.

இன்னொண்ணும் தெரிஞ்சிருக்கணும். சீலிங்குக்குன்னே தனியா ஒரு வியூ இருக்கு, ப்ராஜெக்ட் பிரவுசர்ல சீலிங் பிளான்ஸ்னு கீழ பாருங்க, ரிஃப்ளெக்டட் சீலிங் பிளான், சுருக்கமா ஆர்சிபின்னு சொல்லுவாங்க. ரிஃப்ளெக்டட்னா பிரதிபலிப்பு. தரை முழுக்க கண்ணாடி பதிச்சிருக்குன்னு வச்சுக்கங்க, நீங்க மேலேர்ந்து அந்தக் கண்ணாடிய குனிஞ்சு பார்த்தா அதுல சீலிங் தெரியும், அதுதான் ஆர்சிபி. மல்லாக்கப் படுத்துக்கிட்டு மேல பார்த்தா இடம் வலம் மாறிடும், கண்ணாடி வழியா பார்க்கும்போது மாறாது, ஃப்ளோர் பிளான்ல இடப்பக்கம் இருக்கற கிச்சன் ஆர்சிபிலயும் இடப்பக்கமே இருக்கும். இதனாலதான் ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா கரெக்டா பொருந்துது, கீழ நாம பண்ணப்போற எல்லா வேலையும் இந்த ஒரு விஷயத்த நம்பித்தான் ஓடுது.

சரி, ஆர்சிபி இருக்கும்போது ஃப்ளோர் பிளான்ல எதுக்கு சீலிங் காட்டணும்? எலக்ட்ரிக்கல் டிராயிங்குக்குத்தான் முக்கியமா. ஸ்விட்ச் போர்டு சுவத்துல 4 அடி உயரத்துல இருக்கு, கதவு எந்தப் பக்கம் திறக்குது, கட்டில் எங்க, டிவி எங்கன்னு பார்த்துத்தான் அதுக்கு இடம் குறிப்போம். லைட்டும் ஃபேனும் மேல இருக்கு. எந்த ஸ்விட்ச் எந்த லைட்டுக்குன்னு கோடு இழுக்கணும்னா ரெண்டும் ஒரே தாள்ல வேணும். ரெண்டு தாளா குடுத்தா சைட்டுல ஒரு தாள்தான் கையில இருக்கும், இன்னொண்ணு சிமென்ட் மூட்டைக்கு அடியில கிடக்கும்.

இப்ப வேலைக்கு வருவோம். ஒரு ஹாலையே உதாரணமா எடுத்துக்கலாம், உள்ளளவு 4200க்கு 3600 மில்லிமீட்டர், தரையிலேர்ந்து ஸ்லாப் அடிப்பாகம் 3000. சுத்தி 600 அகலத்துக்கு பார்டர் மாதிரி ஃபால்ஸ் சீலிங், அது 2700ல, நடுவுல 3000க்கு 2400 ட்ரே, அதாவது பார்டர விட உயரமா இருக்கற நடுப்பகுதி, அது 2900ல. இடையில கோவ் லைட், அதாவது ஓரத்துல மறைச்சு வைக்கற லைட்.

முதல்ல சீலிங்க ஃப்ளோர் பிளான்ல வச்சு போடாதீங்க, அதோட ஆர்சிபிய திறந்து அங்க போடுங்க. சீலிங் கமாண்ட் எடுத்தா ஆட்டோமேடிக், ஸ்கெட்ச்னு ரெண்டு வழி இருக்கும். ரூம் முழுக்க ஒரே மட்டம்னா ஆட்டோமேடிக் போதும், சுவர் நாலு பக்கமும் மூடியிருந்தா ஒரே கிளிக்ல வந்துடும். நம்ம ஹாலுக்கு ஸ்கெட்ச்தான். வெளி ஓரம் சுவரோட, அதுக்குள்ள 600 தள்ளி இன்னொரு செவ்வகம், ரெண்டையும் ஒரே ஸ்கெட்ச்ல வரைஞ்சா உள் செவ்வகம் ஓட்டையா மாறிடும். ப்ராபர்டீஸ்ல ஹைட் ஆஃப்செட் ஃப்ரம் லெவல்னு இருக்கறதுல 2700 குடுங்க. இந்த அளவு சீலிங்கோட அடிப்பாகத்துக்கு, தடிமன் அதுலேர்ந்து மேல்நோக்கிப் போகும், இத நிறைய பேர் தலைகீழா நினைச்சுக்கறாங்க. அப்புறம் நடுவுல இன்னொரு சீலிங், 2900ல. ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற செங்குத்து போர்டு தானா வராது, அது தேவைன்னா தனியா மாடல் பண்ணணும், பிளான்ல காட்டறதுக்கு மட்டும்னா அது இல்லாமலே ஒப்பேத்தலாம்.

இங்க ஒரு சின்ன ஏமாத்து வேலை இருக்கு, கவனிங்க. ரூம் முழுக்க ஒரே மட்டத்துல பிளெய்ன் ஜிப்சம் சீலிங் போட்டீங்கன்னா அதோட ஓரம் சுவத்துக் கோட்டு மேலயே உக்காந்துடும், பேட்டர்ன் எதுவும் இல்லாததால நடுவுலயும் கோடு இருக்காது. சீலிங் சரியாத்தான் தெரியுது, ஆனா தெரியறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. புதுசா வர்றவங்க இதப் பார்த்துட்டு எல்லா செட்டிங்கையும் போட்டு உருட்டுவாங்க. மவுச சுவர் ஓரத்துல வச்சு டேப் கீய ரெண்டு மூணு தடவ தட்டுங்க, சீலிங் நீலமா ஹைலைட் ஆகும், இருக்குன்னு அர்த்தம். ஆபீஸ் மாதிரி இடத்துக்கு 600க்கு 600 கிரிட் டைப் போட்டா இந்தக் குழப்பமே வராது, கட்டம் கட்டமா தெரிஞ்சிடும். அந்தக் கிரிட் கோட்டையும் டேப் தட்டி செலக்ட் பண்ணி நகர்த்தலாம், சுழற்றலாம், ஓரத்துல துண்டு டைல் ஒரு பக்கம் சின்னதா ஒரு பக்கம் பெருசா வராம நடுவுக்கு கொண்டு வந்துடுங்க.

இப்ப ஃப்ளோர் பிளானுக்கு வாங்க. காட்டறதுக்கு வழி நிறைய இருக்கு, நான் நிஜமா உபயோகிக்கறது மூணு.

முதல் வழி அண்டர்லே. இதுதான் சீக்கிரமான வழி. ஃப்ளோர் பிளான் வியூல எதையும் செலக்ட் பண்ணாம ப்ராபர்டீஸ் பாருங்க, அண்டர்லேன்னு ஒரு தலைப்பு இருக்கும். பேஸ் லெவல்ல உங்க தளத்தையே குடுங்க, லெவல் 1 பிளான்னா லெவல் 1தான், மேல் தளம் இல்ல. டாப் லெவல் லெவல் 2. அதுக்குக் கீழ அண்டர்லே ஓரியன்டேஷன்னு ஒண்ணு இருக்கும், அது லுக் டவுன்ல இருக்கும், லுக் அப்னு மாத்துங்க. மாத்துன நொடியில சீலிங், லைட் எல்லாம் மங்கலா வந்து பிளானுக்கு அடியில படியும். பேஸ் லெவலும் டாப் லெவலும் தனித்தனியா குடுக்கற இந்த வசதி ரெவிட் 2017லேர்ந்து வந்தது, பழைய வெர்ஷன் பார்த்து எழுதுன குறிப்புகள்ல வேற மாதிரி இருக்கும், குழம்பிக்காதீங்க.

மங்கலா வேணாம், புள்ளிக்கோடா வேணும்னா மேனேஜ் டேப் போயி அடிஷனல் செட்டிங்ஸ்ல ஹாஃப்டோன் அண்டர்லேன்னு இருக்கும், அங்க கோட்டு தடிமனும் பேட்டர்னும் மாத்தலாம், ஹாஃப்டோன், அதாவது மங்கலாக்கற டிக்கை எடுத்துடலாம். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, அது அந்த ஒரு வியூக்கு மட்டும் இல்ல, ப்ராஜெக்ட் முழுக்க எல்லா அண்டர்லேயும் மாறும். டீம்ல வேற யாராவது அதே ஃபைல்ல வேலை பார்த்தா ஒரு வார்த்தை சொல்லிட்டு மாத்துங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் அண்டர்லே நாம வேலை பார்க்கும்போது கண்ணுக்குத் துணையா வச்சுக்கறதுக்கு நல்லது, பிரிண்ட் போற டிராயிங்குக்கு அவ்வளவு சரி வராது, ஏன்னா எது வேணும் எது வேணாம்னு பிரிச்சு எடுக்க அதுல பிடி கிடைக்காது.

ரெண்டாவது வழி லைன்வொர்க். மேல சொன்ன மாதிரி அண்டர்லேய ஆன் பண்ணுங்க, மாடிஃபை டேப்ல லைன்வொர்க் டூல் எடுங்க, எல் டபிள்யூன்னு தட்டினாலும் வரும். லைன் ஸ்டைல்ல ஓவர்ஹெட்னு இருக்கறத எடுத்துக்கிட்டு, மங்கலா தெரியற சீலிங்கோட எந்த ஓரம் வேணுமோ அத மட்டும் கிளிக் பண்ணுங்க. நம்ம ஹால்ல உள்ள ட்ரேயோட நாலு கோடு மட்டும்தான் வேணும். முடிச்சுட்டு அண்டர்லே பேஸ் லெவல "நன்"னு (None) மாத்தி ஆஃப் பண்ணிடுங்க, மத்த எல்லாம் போயிடும், நீங்க தொட்ட நாலு கோடு மட்டும் புள்ளிக்கோடா நிக்கும். சும்மா டீடெயில் லைன் போட்டு வரையறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு, இது சீலிங்கோட ஓரத்தையே பிடிச்சிருக்கறதால ட்ரேய பெருசாக்கினா கோடும் கூடவே நகரும், டீடெயில் லைன் அங்கயே நின்னு பொய் சொல்லும். வீட்டு பிளான்ல ரெண்டு மூணு ரூம் ட்ரே மட்டும் காட்டணும்னா எனக்கு இதுதான் பிடிச்ச வழி. கூரை நீட்டிக்கிட்டு இருக்கற ஓரத்த கீழ் தள பிளான்ல காட்டறதுக்கும் இதே வித்தைதான்.

மூணாவது, ஷீட்ல ஒண்ணு மேல ஒண்ணு வைக்கறது. எலக்ட்ரிக்கல் டிராயிங்குக்கு நான் எப்பவும் இப்படித்தான். ஆர்சிபிய டூப்ளிகேட் பண்ணி வேற பேரு வைங்க, ஒரு வியூவ ஒரு ஷீட்லதான் வைக்க முடியும்ங்கறதால டூப்ளிகேட் எப்படியும் தேவை. அந்தப் புது வியூல விவின்னு தட்டி விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் திறந்து, சீலிங், லைட், ஃபேன் எந்த கேட்டகரில இருக்கோ அது, இவ்வளவ மட்டும் விட்டுட்டு சுவர், தூண், கதவு எல்லாத்தையும் எடுத்துடுங்க. சீலிங்கோட ப்ரொஜெக்ஷன் லைன்ஸ்ல பேட்டர்ன டேஷ்னு மாத்துங்க. ஸ்கேல் ஃப்ளோர் பிளானோட அதே ஸ்கேலா இருக்கணும், 1:50ன்னா ரெண்டும் 1:50. அப்புறம் ஷீட்ல ஃப்ளோர் பிளான முதல்ல வச்சு, இத அது மேல இழுத்துட்டு வாங்க, நெருங்கி வரும்போது புள்ளிக்கோடு ஒண்ணு வந்து பிடிச்சுக்கும், அங்க விட்டா கச்சிதமா உக்காந்துடும். வியூ டைட்டில் ரெண்டு வந்து ஒண்ணு மேல ஒண்ணு அசிங்கமா இருக்கும், மேல வச்ச வியூபோர்ட்ட நோ டைட்டில்னு மாத்திடுங்க. கடைசியா ரெண்டையும் செலக்ட் பண்ணி பின் அடிச்சுடுங்க, பி என். பின் அடிக்காம விட்டு, யாரோ தெரியாம மேல் வியூவ 3 மில்லிமீட்டர் நகர்த்திட்டாங்கன்னா 1:50 ஸ்கேல்ல சைட்டுல அது 150 மில்லிமீட்டர், அரை அடி.

நாலாவதா ஒரு வழி இருக்கு, அதைத்தான் பாதிப் பேர் முதல்ல பண்ணுவாங்க, பண்ணாதீங்கன்னு சொல்றதுக்காகவே எழுதறேன். வி ஆர் தட்டி வியூ ரேஞ்ச் திறந்து கட் பிளேன 3000க்கு ஏத்தி விடறது. சீலிங் வரும், வந்து கீழ இருக்கறதையெல்லாம் மூடிக்கும், ஏன்னா இப்ப நீங்க சீலிங்கோட முதுகைப் பார்க்கறீங்க. கதவு 2100 உயரம், ஜன்னல் தலை 2100, அது எதுவும் இனிமே வெட்டுப்படாது, சுவர் எல்லாம் ஓட்டையே இல்லாம நீளமா ஓடும். ஒரு தேவைக்காக மொத்த பிளானையும் கெடுத்துக்கற மாதிரி ஆயிடும்.

இவ்வளவும் பண்ணியும் சீலிங் தெரியலன்னா, முதல்ல ஆர்சிபிலயாவது தெரியுதான்னு பாருங்க. அங்கயே இல்லன்னா பெரும்பாலும் பாத்ரூம்தான். மேல் பாத்ரூம் பைப்ப மறைக்க கீழ் பாத்ரூம்ல ஃபால்ஸ் சீலிங்க நல்லா இறக்கிப் போடுவோம், ஏழேகால் அடி, அதாவது 2200. ஆர்சிபியோட கட் பிளேன் வழக்கமா 2300ல இருக்கும், அது அங்கேர்ந்து மேல்நோக்கிப் பார்க்குது, 2200ல இருக்கற சீலிங் அதோட முதுகுக்குப் பின்னாடி போயிடுது. வியூ ரேஞ்ச்ல கட் பிளேன 2150 மாதிரி இறக்கிட்டா எட்டிப் பார்க்கும். ஆர்சிபில கதவு இருக்கற இடத்துல சுவர் மூடியிருக்கேன்னு பயப்படறவங்களுக்கும் இதே பதில்தான், 2300ல வெட்டினா கதவுக்கு மேல இருக்கற சுவர்தானே தெரியும்.

மத்தபடி விவில சீலிங்ஸ் டிக் இருக்கா, கீழ பட்டியில இருக்கற பல்பு ஐகான அமுக்கினா ஹைட் பண்ணது ஏதாவது சிவப்பா தெரியுதா, ஃபேஸ் (Phase, வேலைக் கட்டம்) சரியா இருக்கா, இவ்வளவு பாருங்க. செட்டிங் மாத்தப் போனா கட்டம் சாம்பல் கலர்ல கிடந்து கை வைக்க விடலன்னா வியூ டெம்ப்ளேட் பூட்டி வச்சிருக்கு, டெம்ப்ளேட்லதான் மாத்தணும், இல்ல அந்த வியூக்கு மட்டும் டெம்ப்ளேட்ட கழட்டணும். ஆர்க்கிகேட்ல வேலை பார்க்கறவங்களா இருந்தா அங்க ட்ரேஸ் அண்ட் ரெஃபரென்ஸ்னு ஒண்ணு இருக்கு, அடியில வேற வியூ வச்சுப் பார்க்கறதுக்கு, யோசனை கிட்டத்தட்ட அண்டர்லே மாதிரிதான்.

இப்ப ஃபேன் பத்தி. இத யாரும் சாஃப்ட்வேர் வகுப்புல சொல்லித் தர மாட்டாங்க.

டவுன்லைட், கோவ் லைட் எல்லாம் ஃபால்ஸ் சீலிங் போடும்போது கூட நகர்த்திக்கலாம், ஃபேன அப்படி நகர்த்த முடியாது. ஃபேன் தொங்கறது ஸ்லாப்லேர்ந்து. சென்ட்ரிங் அடிச்சு, கம்பி கட்டி, கான்கிரீட் போடறதுக்கு முன்னாடியே ஃபேன் பாக்ஸ் வச்சு பைப் ஓட்டிடணும், கான்கிரீட் விழுந்துட்டா அந்த இடம் அதுதான். நான் பார்த்த ஒரு சைட்டுல பிளான்ல ட்ரே காட்டவே இல்ல, ஆர்சிபி அப்புறம் வரும்னு விட்டுட்டாங்க, எலக்ட்ரீஷியன் அண்ணன் ரூமோட நடுவுல ஃபேன் பாக்ஸ் வச்சுட்டாரு, அவர் மேல தப்பே இல்ல. ஒரு பக்கம் சுவத்தோட சுவரா வார்ட்ரோப் வர்றதால ட்ரேயோட நடு அங்கேர்ந்து ஒரு அடி தள்ளி இருந்துச்சு. வீட்டுக்கார அம்மா குடி வந்த அன்னைக்கு மேல பார்த்து "ஃபேன் ஏன் கோணலா நிக்குது"ன்னு கேட்டாங்க, பதில் சொல்ல யார்கிட்டயும் எதுவும் இல்ல.

அதனால ரெவிட்ல ஃபேன ஃபால்ஸ் சீலிங் மேல ஒட்டாதீங்க, ஸ்லாப்போட அடிப் பக்கத்துல ஒட்டற மாதிரி ஃபேமிலி (ரெவிட்ல ரெடியா இருக்கற பொருளோட மாடல்) எடுங்க. சீலிங்கையே ஹோஸ்ட்டா, அதாவது ஒட்டிக்கற இடமா வச்ச ஃபேமிலியா இருந்தா, டிசைன் மாறி சீலிங்க அழிக்கும்போது ஃபேனும் லைட்டும் சேர்ந்தே அழிஞ்சிடும்.

அளவு போடும்போதும் ஒரு விஷயம். நீங்க மாடல்ல சுவத்துலேர்ந்து ஃபேன் நடுவுக்கு அளவு போட்டுக் குடுப்பீங்க. தூணும் பீமுமா கட்டற வீட்டுல ஸ்லாப் போடற அன்னைக்கு அந்த சுவரே இருக்காது, செங்கல் கட்டு வர்றது அதுக்கு அப்புறம்தான். சென்ட்ரிங் பலகை மேல நிக்கிற ஆளுக்குக் கண்ணுல படறது பீம் பக்கமும் தூணு கம்பியும் மட்டும்தான். அதனால அளவ தூண் முகத்துலேர்ந்தோ பீம் முகத்துலேர்ந்தோ போடுங்க, ரெண்டு திசையிலயும்.

பிரிண்ட் எடுக்கும்போது ஹாஃப்டோன நம்பாதீங்க. ஆபீஸ் பிளாட்டர்ல அழகா சாம்பல் கலர்ல வரும், ஆனா சைட்டுக்குப் போறது பெரும்பாலும் அதோட ஜெராக்ஸ், அதோட போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, அதுலேர்ந்து இன்னொரு பிரிண்ட், மூணாவது காப்பில உங்க சீலிங் கோடு மறைஞ்சே போயிருக்கும். கறுப்புக் கோடு, மெல்லிசா, டேஷ் நல்லா இடைவெளி விட்டு. ட்ரே உள்ள மட்டம் 2900, பார்டர் மட்டம் 2700ன்னு ரெண்டு உயரத்தையும் டேக் போட்டுடுங்க. அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஷீட்ட ஒரு ஏ3 தாள்ல கறுப்பு வெள்ளையில அடிச்சு, ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்து, கைநீட்டுற தூரத்துல வச்சு ஸ்விட்ச்லேர்ந்து லைட்டுக்குப் போற கோட்ட விரலால தொடர முடியுதான்னு பாருங்க, முடியலன்னா கோட்டு தடிமன ஒரு படி ஏத்திட்டு மறுபடி அடிங்க.